வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லின் உட்சுவர் உடைந்துவிட்டது: போஸ்ட் வைத்த கேப்பா, ஆன்லேயா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. கீழ்த்தாடையின் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல்லில், அதாவது மருத்துவர்கள் 36 என்று எண்ணிட்டுக் குறிக்கும் பல்லில், மூன்று மாதங்களுக்கு முன்பு வேர் சிகிச்சை முடிந்தது. அதற்கு முன்பே முன்னும் பின்னும் சொத்தை பரவி, பல்லின் நடுவில் பெரிய அடைப்பு இருந்தது. சிகிச்சை முடிந்த கையோடு கேப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் குறுக்கே வந்ததால் நான் தள்ளிப்போட்டேன். சென்ற வாரம் வெந்து குழைந்த சுண்டலைத்தான் மென்றுகொண்டிருந்தேன். கல் கடிபட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. துப்பிப் பார்த்தால், பல்லின் நாக்குப் பக்கச் சுவர் நகத்தளவு சில்லாகப் பெயர்ந்து கையில் வந்திருந்தது. வலி இல்லை. ஆனால் அந்தக் கூரிய ஓரம் உராய்ந்து நாக்கின் விளிம்பு புண்ணாகிவிட்டது.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். முதலாமவர் வேருக்குள் போஸ்ட் என்னும் சிறு தண்டை இறக்கி, அதன்மேல் கேப்பைத் தாங்கும் கோர் என்னும் அடித்தளத்தைக் கட்டி, ஜிர்கோனியா என்னும் பீங்கான் வகையில் கேப் போட வேண்டும் என்கிறார். இரண்டாமவர் போஸ்ட்டே தேவையில்லை, மிஞ்சியிருக்கும் சுவர்களைக் காப்பாற்றி மேற்பரப்பு முழுவதையும் மூடும் ஆன்லே ஒன்றை லேபில் செய்து ஒட்டிவிடலாம் என்கிறார். உறவினர்களோ, இத்தனை பாடுபடுவதைவிடப் பல்லைப் பிடுங்கிவிட்டு, எலும்பில் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் வைத்துக்கொள் என்கிறார்கள். ஒரே பல்லுக்கு இப்படி மூன்று வழிகள் எப்படி வரும் என்பது எனக்கு விளங்கவில்லை. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈறோரம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் செயற்கைப் பல் துறையில் பணிபுரியும் பல் மருத்துவன். பல்லையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல் இதுதான் வழி என்று சொல்வது முறையாகாது. ஆயினும் அந்த இரு மருத்துவர்களும் எதை வைத்து யோசித்திருப்பார்கள் என்பதை விளக்க முடியும்.

வேர் சிகிச்சை செய்த பல் உயிரற்றுக் காய்ந்துபோவதால் உடைகிறது என்று பலரும் நம்புகிறார்கள். முதன்மையான காரணம் அதுவன்று. 1989இல் வெளியான ஓர் ஆய்வுக்கூடச் சோதனையில், வேர் சிகிச்சைக்காகப் பல்லைத் திறப்பதால் மட்டும் அதன் விறைப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைந்தது. மேற்பரப்பில் குழி வெட்டினால் 20 விழுக்காடு குறைந்தது. முன்பக்க, பின்பக்க விளிம்புகள் இரண்டையும் சேர்த்து வெட்டியபோது 63 விழுக்காடு குறைந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சட்டமும் கால்மாட்டுச் சட்டமும் கழன்றுவிட்டால், பக்கச் சட்டங்கள் இரண்டும் பாரம் ஏறும்போதெல்லாம் வெளிப்புறமாக விரியும் அல்லவா? உங்கள் பல்லுக்கு நேர்ந்தது அதுதான். சொத்தை அந்த இரண்டு விளிம்புகளையும் முன்பே தின்றுவிட்டது. கீழ்க் கடைவாய்ப்பற்களில் இப்படி உடைவது பெரும்பாலும் நாக்குப் பக்கச் சுவராகத்தான் இருக்கும். சுண்டல் அதற்கு வெறும் சாக்கு. சுவர் பல நாள்களாகவே விரிசல் விட்டுக்கொண்டிருந்திருக்கும்.

இந்த நிலையில் மீண்டும் வாயிலேயே, பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் என்னும் அடைப்புப் பொருளை வைத்து அடைத்தால் போதாதா என்ற எண்ணம் எழலாம். அந்தப் பொருள் ஒளி பட்டு இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு வரை சுருங்குகிறது. சிறு குழியில் அந்தச் சுருக்கத்தைச் சமாளித்துவிடலாம். பல்லில் பாதியே இல்லாதபோது, மெலிந்த சுவர்களை அது உள்ளே இழுக்கும் அல்லது ஓரத்தில் இடைவெளி விடும். பக்கத்துப் பல்லை ஒட்டி நிற்கும் சரியான வடிவத்தை வாய்க்குள் கையால் கொண்டுவருவதும் கடினம். ஆகவேதான் பெருஞ்சேதம் அடைந்த பற்களுக்கு அச்சு எடுத்து, வெளியே முழுமையாகச் செய்து, பின்னர் கொண்டுவந்து பொருத்தும் முறையை நாடுகிறோம். குழிக்குள் மட்டும் அடங்குவது இன்லே. முகடுகளையும், அதாவது மெல்லும் பரப்பில் எழுந்து நிற்கும் மேடுகளையும், சேர்த்து மூடுவது ஆன்லே. பல்லைச் சுற்றிலும் செதுக்கி ஈறு வரை மூடுவது கேப்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் ஓர் அளவில் நிற்கிறது: ஈறுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் உறுதியான பல் சுவர் மிஞ்சியிருக்கிறது, அது எவ்வளவு தடிமன்? உலக்கையின் முனையில் போட்ட பூண் மரத்தைச் சுற்றிப் பிடித்து அது பிளவாமல் காக்கிறது. கேப்பும் அப்படியே, அதன் அடிவிளிம்பு உண்மையான பல்லைச் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது, குறைந்தது 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சுவரைப் பற்றிப் பிடிக்க வேண்டும். இதை நாங்கள் ஃபெரூல் என்போம். நம் மொழியில் பூண் என்பதே அதற்கு மிகப் பொருத்தமான சொல். பூண் பிடிக்க மரமே இல்லாமல், வெறும் கோர்மேல் மாட்டிய கேப் எத்தனை விலையுயர்ந்ததாக இருந்தாலும் ஒருநாள் கோரோடு சேர்ந்து கழன்றுவரும், அல்லது வேரைப் பிளந்துவிடும்.

போஸ்ட் பல்லுக்கு வலுவூட்டுகிறது என்பது இன்றும் நிலவும் தவறான எண்ணம். போஸ்ட்டின் வேலை கோரை நிற்கவைப்பது மட்டுமே. அதற்கு இடம் செய்ய வேரின் உட்புறத்தைக் குடையும்போது வேர் மெலிகிறது. கடைவாய்ப்பல்லில் வேர்களுக்கு மேலே நரம்பு இருந்த அறையே அகலமாக இருப்பதால், கோர் அதைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். பெரும்பாலான நேரங்களில் போஸ்ட் வேண்டியிருக்காது. சுவர்கள் முழுதும் போன பற்களில் மட்டும் வேறு வழியின்றி வைக்கிறோம். அப்போதும் வேர் நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை வேர் அடைப்பைக் கலைக்காமல் விட வேண்டும்.

ஆகவே கன்னப் பக்கச் சுவர் நல்ல தடிமனோடு நின்று, நாக்குப் பக்கத்து உடைவும் ஈறுக்கு மேலேயே முடிந்திருந்தால், இரண்டாமவர் சொன்ன வழிக்கே என் மனம் சாயும். முழுக் கேப்புக்குச் செதுக்கும்போது வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். ஏற்கெனவே இழந்து நிற்கும் பல்லிடமிருந்து அதையும் பறிக்க வேண்டுமா என்று நான் ஒவ்வொரு முறையும் தயங்குவதுண்டு. உடைவு ஈறுக்குள் ஆழமாக இறங்கியிருந்தால் கணக்கு மாறும். பழைய அடைப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, கோடிட்ட அளவுகோல் கருவியால் ஒவ்வொரு சுவரையும் அளந்து சொல்லும்படி கேளுங்கள். அதன் பிறகு மூன்று வழிகளில் இரண்டு தாமாகவே விலகிவிடும்.

தாமரைக்குளம் எழுதியது:

சகோதரி, மருத்துவ விளக்கம் எனக்குத் தெரியாது. நான் இழந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லில்தான் வேர் சிகிச்சை நடந்தது. தற்காலிக அடைப்போடு என்னை அனுப்பிய மருத்துவமனையில் கேப் எவ்வளவு அவசரமானது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலி இல்லாததால் நானும் பதினான்கு மாதங்கள் அப்படியே விட்டுவிட்டேன். ஒருநாள் பல் மேலிருந்து கீழாக வேர் வரை இரண்டாகப் பிளந்தது. ஈறில் ஒரே இடத்தில் கொப்புளம்போல் வீங்கிச் சீழ் கசிந்ததே தவிர வலி பெரிதாக இல்லை. வேர் பிளந்துவிட்டதால் இனி எந்தக் கேப்பும் நிற்காது என்று எடுத்துவிட்டார்கள். இன்று அந்த இடத்தில் இம்ப்ளான்ட் இருக்கிறது. நன்றாகவே மெல்ல முடிகிறது, குறை சொல்லவில்லை. ஆனால் பிடுங்கிய குழி ஆறுவதற்கும், திருகு எலும்போடு சேர்வதற்கும், அதன்மேல் பல் வைப்பதற்குமாக ஏழு மாதங்கள் ஆயின. கேப்புக்கு அன்று கேட்ட தொகையைப்போல நான்கு மடங்குக்கு மேல் செலவழித்தேன். உங்களுக்கு இன்னும் வேர் நன்றாக இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஈறோரம் எழுதியது:

நண்பர் சொன்னது பலருக்கும் நேர்வது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைப்போல ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. நல்ல நிலையிலிருந்த பற்களுக்கே கேப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது; ஆனாலும் கடைவாய்ப்பற்களின் முகடுகளை மூடாமல் மாதக்கணக்கில் விடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. நண்பர் கூறிய அடையாளத்தையும் கவனியுங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரே ஓர் இடத்தில் மட்டும் அளவுகோல் குறுகலாக ஆழமாய் இறங்கினால், அது வேர் நெடுக்காகப் பிளந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்படி இருந்தால் மட்டுமே உங்கள் உறவினர்கள் சொன்ன வழியைப் பற்றிப் பேசுவேன்.

மெழுகுக்கத்தி எழுதியது:

வணக்கம். நான் பல் லேபில் பணிபுரியும் தொழில்நுட்பன். நோயாளிகள் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் அவர்களைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு வருவது ஓர் அச்சும் ஒரு சீட்டும்தான். அந்த அச்சிலேயே உங்கள் பல்லின் ஆயுளில் பெரும்பங்கு முடிவாகிவிடுகிறது என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவர் பல்லைச் செதுக்கி முடித்த இடத்தில் ஒரு கோடு இருக்கும். அதை மார்ஜின் என்கிறோம். நாங்கள் செய்யும் ஆன்லேயோ கேப்போ அந்தக் கோட்டில் வந்து முடிய வேண்டும். ரப்பர்போல் இறுகும் பொருளால் எடுத்த நல்ல அச்சில் அது ஊசிமுனையால் கீறியதுபோல் சுற்றிலும் அறுபடாமல் ஓடும். ஈறில் கசிவு இருக்கும்போது எடுத்த அச்சில், சரியாகப் பின்பக்க மூலையில், அந்தக் கோடு மழுங்கிச் சளிபோல் வழுக்கிப்போயிருக்கும். பூதக்கண்ணாடியை வைத்து எத்தனை நேரம் பார்த்தாலும் இல்லாத கோடு தெரியாது. அங்கே நாங்கள் ஊகித்து மெழுகை முடித்தால், பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே ஒரு படி உருவாகும்; அதில் உணவு தங்கி உள்ளே சொத்தை புகும். கேப்புக்குச் சொத்தை வராது. அதன் ஓரத்தில் இருக்கும் பல்லுக்கு வரும். அச்சைத் திருப்பி அனுப்பி மீண்டும் எடுக்கச் சொல்லும்போது சில மருத்துவர்கள் வருத்தப்படுகிறார்கள். நல்ல மருத்துவர்கள் நன்றி சொல்கிறார்கள்.

நீரில் குழைக்கும் அல்ஜினேட் என்னும் பொடியால் எடுத்த அச்சு நீரை இழந்து சிறிது நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். எதிர்த்தாடைக்கு அது போதும், செதுக்கிய பல்லுக்குப் போதாது. இப்போது பல இடங்களில் வாய்க்குள் கேமராவை விட்டு ஸ்கேன் செய்தே அனுப்புகிறார்கள். அதிலும் அதே விதிதான். ஈறு மூடிய இடத்தைக் கேமராவாலும் பார்க்க முடியாது.

வேலை நடக்கும் விதத்தையும் சொல்கிறேன், ஏனெனில் ஒரு வாரம் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். மெழுகில் வடிவம் செய்து, அச்சுக்கலவையில் புதைத்து, மெழுகை எரித்துவிட்டு உருகிய உலோகத்தை ஊற்றும் முறையை, அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகார்ட் 1907இல் தங்க இன்லேக்களுக்காக அறிமுகப்படுத்தினார். நம் ஊர்ச் சிற்பிகள் பஞ்சலோகத் திருமேனி வார்ப்பதும் இதே அடிப்படையில்தான். உலோகக் கேப்புகளை இன்றும் அப்படிச் செய்கிறோம். ஜிர்கோனியாவை முதலில் சுண்ணாம்புக்கட்டிபோல் மென்மையாக இருக்கும் வில்லையில் கணினி எந்திரம் கடைந்தெடுக்கும். பிறகு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே பெரிதாகக் கடைவோம். லித்தியம் டைசிலிக்கேட் என்னும் கண்ணாடி கலந்த பீங்கான் கட்டி கடையும்போது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். 850 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அரை மணி நேரம் சூளையில் இருந்து வெளியே வரும்போதுதான் அது பல்லின் நிறத்துக்கு மாறி உறுதியாகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்தும் அந்த மாற்றம் எனக்கு அலுக்கவில்லை.

நிறம் பற்றி ஒன்று மட்டும். பல்லைச் செதுக்கத் தொடங்கும் முன்பே, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பற்கள் உலர்ந்து உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துக் குறித்த நிறத்தில் செய்து கொடுத்தால் பிறகு வாயில் தனியாக வெளுத்துத் தெரியும்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியவர்களுக்கு என் நன்றி. தாமரைக்குளம் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு பிடுங்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். டாக்டரிடம் இன்னும் இரண்டு கேள்விகள். எனக்குக் கவரிங் தோடு போட்டால் காது மடல் சிவந்து நீர் வடியும். உலோகக் கேப் விலை குறைவு என்பதால் அதைக் கேட்கலாமா என்று யோசித்திருந்தேன், அது ஒத்துக்கொள்ளுமா? ஜிர்கோனியாதான் உறுதியானது என்று எல்லா விளம்பரமும் சொல்லும்போது, ஆன்லேக்கு அதைவிட உறுதி குறைந்த லித்தியம் டைசிலிக்கேட்டை இரண்டாமவர் ஏன் சொல்கிறார்?

ஈறோரம் எழுதியது:

காது மடல் பற்றி நீங்கள் சொன்னது முக்கியமான தகவல்; அதை அவசியம் மருத்துவரின் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கவரிங் நகைகளில் இப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம், விலை குறைந்த உலோகக் கேப்புகளில் பல நிக்கல்–குரோமியக் கலவையால் ஆனவை. வெளியே பீங்கான் பூசிய கேப்புகளுக்குள்ளும் அதே கலவை இருக்கலாம். நிக்கல் இல்லாத கோபால்ட்–குரோமியம் உண்டு. தங்கக் கலவையும் உண்டு. தங்கம் எதிர்ப்பல்லைத் தேய்க்காது, மெல்லிய ஓரத்திலும் உடையாது என்பதால் கடைவாய்க்கு அதைவிட நல்ல பொருள் அரிது. விலையும் நிறமும்தான் தடை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வழக்கமான ஜிர்கோனியாவின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும் விசையை உடையாமல் தாங்கும் திறன், 900 மெகாபாஸ்கலுக்கு மேல். லித்தியம் டைசிலிக்கேட்டுக்கு ஏறத்தாழ 400. எண்களை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஆன்லே பல்லைச் சுற்றிப் பிடிப்பதில்லை, ஒட்டித்தான் நிற்கிறது. லித்தியம் டைசிலிக்கேட்டில் கண்ணாடிப் பகுதி இருப்பதால், 5 விழுக்காடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை அதன் உட்பரப்பில் 20 நொடிகள் வைத்தாலே நுண்குழிகள் உண்டாகி, சிலேன் என்னும் இணைப்புத் திரவத்தைப் பூசியதும், ஒட்டுவதற்கான ரெசின் சிமெண்ட் அதற்குள் வேர்விட்டதுபோல் இறங்கிவிடும். இதை வாய்க்கு வெளியேதான் செய்வார்கள், அஞ்ச வேண்டாம். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை. அந்த அமிலத்தால் அதில் அப்படிக் குழிகள் உண்டாகா. அலுமினாத் துகளை வீசிச் சொரசொரப்பாக்கி, அதற்கென உள்ள பாஸ்பேட் பிரைமரைத் தடவி ஒட்டலாம். ஆயினும் பூண்போல் சுற்றிப் பிடிக்கும் முழுக் கேப்பில்தான் அதன் வலிமை முழுமையாகப் பயன்படுகிறது. பல்லோடு ஒன்றாக ஒட்டிய 400, ஒட்டாமல் அசையும் 900த்தைவிட நீண்ட காலம் நிற்கும்.

ஒட்டும் நாளில் பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்னும் மெல்லிய விரிப்பு போட்டு எச்சிலையும் ஈரத்தையும் விலக்க வேண்டும். அதைப் பொருத்த முடியாத இடத்தில், ஈரம் தடுக்கவே முடியாத ஆழத்தில் ஓரம் இருந்தால், ஆன்லேயை விட்டுவிட்டுக் கேப்புக்குப் போவதே நேர்மையானது. இடைக்காலத்தில் போடும் தற்காலிகப் பல்லையும் அலட்சியமாக எண்ணாதீர்கள். அது இல்லாவிட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, லேபிலிருந்து வருவது உட்காராமல் போகும். அந்தத் தற்காலிகப் பல்லை யூஜினால் கலக்காத சிமெண்டால் ஒட்டச் சொல்லுங்கள். கிராம்பு எண்ணெய் வாசம் அடிக்கும் சிமெண்டில் உள்ள யூஜினாலின் மிச்சம், பின்னர் போடும் ரெசின் சரியாக இறுகுவதைத் தடுக்கக்கூடும். இரவில் பற்களை நெரிக்கும் பழக்கம் உண்டென்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் இரவுக்கான காப்புத் தகடு ஒன்று தேவைப்படும்.

வைகைக்கரை எழுதியது:

இன்று இரண்டாவது மருத்துவரிடம் போய்வந்தேன். பழைய அடைப்பை முழுவதும் எடுத்துவிட்டு, நான் கேட்டபடியே ஒவ்வொரு சுவரையும் அளந்து உதவியாளரிடம் எழுதச் சொன்னார். கன்னப் பக்கம் 4 மில்லிமீட்டர் உயரமும் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனும் இருக்கிறது. நாக்குப் பக்கத்தின் முன்பாதியில் 2 மில்லிமீட்டர் உண்டு. பின்மூலையில் மட்டும் உடைவு ஈறு மட்டத்துக்கே வந்துவிட்டது. அளவுகோல் எந்த இடத்திலும் குறுகலாக ஆழத்தில் இறங்கவில்லை, எக்ஸ்ரேயிலும் வேர் நன்றாகவே தெரிகிறது என்றார். ரப்பர் டேம் போட்டு அந்தப் பின்மூலையைக் காம்போசிட்டால் சற்று உயர்த்திவிட்டு, முகடுகள் எல்லாவற்றையும் மூடும்படி லித்தியம் டைசிலிக்கேட்டில் ஆன்லே செய்வதாக முடிவாகியிருக்கிறது. போஸ்ட் இல்லை. நிக்கல் ஒவ்வாமையைச் சீட்டில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டார். யூஜினால் பற்றிக் கேட்டதும் சிமெண்ட் பெட்டியை எடுத்து என் கையிலேயே கொடுத்து, அது கலக்காதது என்று காட்டினார்.

நிறத்தைச் செதுக்கும் முன்பே சன்னலோரம் நிற்கவைத்துப் பார்த்தார்கள். அச்சை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. முதல் முறை எடுத்ததைக் கையில் வைத்து அவரே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்மூலையில் கோடு தெளிவாக இல்லை என்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவது அச்சை விளக்கின் கீழே பிடித்து எனக்கும் காட்டினார். மெழுகுக்கத்தி அவர்கள் எழுதியதுபோலவே, ஊசியால் கீறிய மாதிரி ஒரு கோடு சுற்றிலும் அறுபடாமல் ஓடியது. தற்காலிகப் பல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், நாக்கு இனி உராயாது. அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.